ஒரு சுண்டு மா எத்தனை கிராம்

சுண்டையும் தேக்கரண்டியையும் கிராமாக மாற்றி எழுதுவது என் தொழில். இதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்பார்கள், ஆரம்பத்தில் நானும் அப்படித்தான் நினைத்தேன். வீட்டில் பலகாரமும் தூளும் செய்பவர்கள் கடைகளுக்குக் கொடுப்பதென்றால் ஒவ்வொரு பொருளின் நிறையும் எழுத்தில் இருக்கவேண்டும். அவர்கள் அளக்கும், ரின்பால் அடைத்து வந்த தகரப் பேணியோடு, அதுதான் சுண்டு, எங்கள் அலுவலகத்துக்கு வருவார்கள். நான் நிறுத்து எழுதிக்கொடுப்பேன். சமையல் குறிப்பில் ‘ஒரு கப்’ என்று கண்டு தராசுக்கு முன்னால் விழித்தவர்களுக்கு என் பாடு விளங்கும்.

கும்பமா, தலைதட்டியா

அரியாலையிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் கறித்தூள் அளவோடு வந்தார்கள். மூன்று சுண்டு மல்லி என்றார் கணவர். கும்பமாக அளந்ததா, தலைதட்டியா என்று கேட்டேன். நிறையில் நல்ல வித்தியாசம் வரும். தலைதட்டித்தான் என்றார். உப்பு கல்லா தூளா என்பதற்கும் அவரிடம் உடனே பதில் இருந்தது. மனைவி அதுவரை கைப்பையைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

“உவர் சாப்பிட்டவர். போட்டது நான். என்னைக் கேட்டு எழுதுங்கோ.”

பத்துச் சுண்டு

செல்வமலர் அக்கா சண்டிலிப்பாயில் புகையிலைத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போகிறவர். நகரத்துக் கடையொன்று கிழமைக்கு ஐம்பது பைக்கற் முறுக்கு எடுக்கச் சம்மதித்திருந்தது. அது நிலைத்தால் தோட்டத்தை விட்டுவிடலாம், முழங்கால் இனி இடங்கொடாது என்றார்.

பத்துச் சுண்டு மா, இரண்டு சுண்டு உழுத்தம்மா என்று சொல்லிவிட்டு, கடைக்காரரின் அழைப்பு வர வெளியே போய்க் கதைத்துக்கொண்டிருந்தார். எனக்குச் சாப்பாட்டு நேரம். அலுமாரியில் இருந்த கோதுமை மாவை அவருடைய பேணியில் அள்ளி நிறுத்து, பத்தால் பெருக்கி எழுதினேன். திரும்பி வந்தவரிடம், ஒவ்வொரு பைக்கற்றும் ஒரேமாதிரி வரவேண்டும், இந்தத் தாளின்படியே நிறுத்துப் போடுங்கள் என்றேன்.

“ஓம் தம்பி. இனிப் பேணியைத் தொடமாட்டன்.”

கை

முதல் கிழமைப் பைக்கற்றுகளே திரும்பி வந்தன. கல்லுப்போல இருக்கிறதாம். கடைக்காரர் வேறொருவரின் முறுக்கை எடுக்கத் தொடங்கிவிட்டார். செய்தி கேட்டு என் தாளை எடுத்துப் பார்த்தேன். கோதுமை மா என்று மட்டும் எழுதியிருந்தேன். முறுக்குக்கு மாவை ஆவியில் அவித்து, அரிதட்டில் அரித்துத்தான் போடுவது. அரித்த மா பேணியில் பொலபொலவென்று நிற்கும், நிறை குறைவு. நான் நிறுத்தது அவிக்காத பச்சை மா. அந்த நிறைக்கு அவித்த மாவைப் போட்டால் பத்துச் சுண்டு பன்னிரண்டையும் தாண்டும், இரண்டு சுண்டு உழுத்தம்மா அதற்குப் போதாமல் முறுக்கு இறுகிவிடும். என் வீட்டிலும் மா அவிக்கிறார்கள், கேட்கத் தோன்றவில்லை.

கடைக்காரரிடம் போய்ச் சொன்னேன். பிந்திவிட்டது என்றார். திருத்திய தாளோடு சண்டிலிப்பாய்க்குப் போனேன். செல்வமலர் அக்கா தோட்டத்தால் வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். என்னை இருத்தித் தேத்தண்ணி தந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார். அதைக் கேட்டபிறகு திருத்திய தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டேன்.

“உங்கடை அளவு சரி தம்பி. என்ரை கைதான் பிழைச்சுப்போச்சு.”

இப்போது எங்கள் படிவத்தின் முதல் கேள்வி ‘மா அவித்ததா, பச்சையா’ என்பது. அதைச் சேர்த்ததற்காகக் கூட்டத்தில் மேலதிகாரி என்னைப் பாராட்ட, நானும் எழுந்து நன்றி சொன்னேன்.