கமலா அக்கா அமுக்காத பட்டன்

1. முப்பது விநாடி

மலேசியாவின் கிள்ளானில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் கமலா அக்கா எங்கள் செயலியில் இரண்டு முறை ஃபெயில் ஆகிவிட்டார். மூன்றாவது முறையும் ஃபெயில் ஆனால் வண்டிச் சாவியை ஒப்படைத்துவிட்டு பாக்கிங் லைனுக்குப் போக வேண்டும். பதினான்கு வருடம் சின்ன விபத்துகூட இல்லாமல் ஓட்டியவர். எனக்கு ஃபோன் செய்து இதைச் சொன்னவர் அந்தக் கிடங்கின் பாதுகாப்பு அதிகாரி ரவீந்திரன்.

"பாஸ், உங்க ஆப்ப நான் குறை சொல்லல. ஆனா என்கிட்ட இருக்கறதுலயே நல்ல டிரைவர் ஃபெயில் ஆகறாங்கன்னா எங்கயோ இடிக்குது லா. ஒரு தடவ வந்து பாருங்க."

நான் அப்போது பெட்டாலிங் ஜெயாவில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் தலைமை டெஸ்டர். மற்றவர்கள் கட்டியதில் ஓட்டை தேடுவது என் பிழைப்பு. அதனால் ஆபீசில் பாதிப் பேருக்கு என்னைப் பிடிக்காது; எனக்கும் அதில் பெரிய வருத்தம் இருந்ததில்லை. ஓட்டுநர்களுக்கு வருடா வருடம் நடக்கும் பாதுகாப்புத் தேர்வை நாங்கள்தான் டேப்லெட்டுக்கு மாற்றிக் கொடுத்திருந்தோம். அதற்கு முன் ரவீந்திரன் வாயால் கேட்பார், அவர்கள் வாயால் பதில் சொல்வார்கள்.

கொமுட்டர் ரயில் பிடித்துப் போனேன். கமலா அக்கா என்னைவிட இளையவர்தான், ஆனால் அங்கே எல்லோருக்கும் அவர் அக்கா. இரண்டு அடுக்குச் சரக்கைத் தூக்கிக்கொண்டு வந்து, ஒரு சாண் இடைவெளியில் உரசாமல் இறக்கி வைத்தார். நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ரேம்ப்ல லோடோட எறங்கும்போது எப்படி வருவீங்க?" என்று ரவீந்திரன் கேட்டார்.

"ரிவர்ஸ்ல. லோடு எப்பவும் மேட்டுப் பக்கம் இருக்கணும்."

பயிற்சிக்காகத் திறந்த டேப்லெட்டில் அதே கேள்வி மலாயில் வந்தது. கீழே நான்கு நீளமான பதில்கள். மேலே முப்பது விநாடி நேரத்தைக் காட்டும் கோடு பச்சையிலிருந்து சிவப்புக்கு ஓடியது. அக்கா வரிக்குக் கீழே விரலை வைத்து நகர்த்தினார். மூன்றாவது வரிக்கு வருவதற்குள் கோடு சிவந்துவிட்டது. கைக்கு வந்த ஏதோ ஒன்றைத் தட்டினார். தப்பு.

"படிக்கத் தெரியாம இல்லண்ணே. எழுத்து ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குது. ஒரு வரிய புடிக்கறதுக்குள்ள அந்தக் கோடு ஓடுது. அதப் பாத்தா புடிச்ச வரியும் போயிடுது. ஸ்கூல்ல என்னைய சோம்பேறின்னாங்க. என் மகளுக்கு டிஸ்லெக்சியான்னு அவ டீச்சர் சொன்னப்பதான், அட, எனக்கும் அதுதானேன்னு தெரிஞ்சிச்சு."

2. நீல பட்டன்

ஆபீசுக்கு வந்து இரண்டு வாரம் உட்கார்ந்து செய்தோம். எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி, சின்ன வரிகள், கண்ணைக் குத்தாத வெளிர்மஞ்சள் பின்னணி, கேள்வியைப் படித்துக் காட்டும் குரல், நேரக் கணக்கே கிடையாது. இதையெல்லாம் சேர்த்து 'ஓ.கே.யூ. மோட்' என்று பெயர் வைத்தோம். இங்கே மாற்றுத்திறனாளிகளை அரசாங்கப் படிவம் முதல் கார் பார்க் பலகை வரை ஓ.கே.யூ. என்றுதான் குறிப்பார்கள். முதல் திரையிலேயே பெரிய நீல பட்டன், அதில் சக்கர நாற்காலிப் படம். எங்கள் முதுகை நாங்களே தட்டிக்கொண்டோம். கமலா அக்காவிடம் மட்டும் ஒரு முறைகூடக் காட்டவில்லை.

மூன்றாவது தேர்வு கிடங்கின் கேண்டீனில் நடந்தது. ஒரே நீள மேசையில் எட்டு ஓட்டுநர்கள். அவரைத் தவிர ஏழு பேரும் ஆண்கள். நான் பின்னால் நின்றேன். அக்கா நீல பட்டனைப் பார்த்தார். கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு பக்கத்திலிருந்த சாதாரண பட்டனைத் தொட விரலைக் கொண்டுபோனார். என்னால் பொறுக்க முடியவில்லை.

"கமலாக்கா, அது இல்ல. உங்களுக்கு அந்த நீல பட்டன்."

ஏழு தலைகளும் திரும்பின. ஒருவன் அந்தப் படத்தைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், லேசாகச் சிரித்தான். அக்கா டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

பின்னாலேயே ஓடினேன். சரக்கு ஏற்றும் இடத்தில் நின்றிருந்தார்.

"பொம்பள ஓட்டுவாளான்னு கேட்ட வாயையெல்லாம் ஓட்டியே மூடுனவ நான். அந்த நாற்காலிய அமுக்கி பாஸ் ஆனா, நாளைக்கே எனக்கு ஒரு பேரு வெச்சிடுவானுங்க. வேணாண்ணே. நான் பாக்கிங்குக்கே போயிடறேன்."

அவர் ஒரு கேள்விக்கும் பதில் சொல்லாததால் இந்த முறையைக் கணக்கில் எடுக்க மாட்டேன் என்றார் ரவீந்திரன். "ஆனா அடுத்த வெள்ளிக்கிழமையோட அவங்க வண்டி ஓட்டற பர்மிட் முடியுது. அதுக்கு மேல என்னால இழுத்துப் பிடிக்க முடியாது பாஸ்."

திரும்பும் ரயிலில் ஷா ஆலம் தாண்டும்வரை எனக்கு அவர் மேல்தான் கோபம். இவ்வளவு செய்து கொடுத்திருக்கிறோம், அமுக்கினால் என்ன கேடு என்று. அதற்குப் பிறகுதான் கோபம் திரும்ப வேண்டிய பக்கம் திரும்பியது.

3. வெள்ளிக்கிழமை

மறுநாள் எங்கள் புரோகிராமர் திவ்யாவிடம், ஒரு கேள்விக்கு முப்பது விநாடி என்று முடிவு செய்தது யார் என்று கேட்டேன்.

"தெரியல அங்கிள். பழைய குவிஸ் ஒண்ண எடுத்து அப்படியே மாத்துனோம். அதுல இருந்துச்சு."

ரவீந்திரனைக் கேட்டேன். அவரும் நேரக் கெடு கேட்கவில்லையாம். இந்தச் செயலியைச் சோதித்தபோது நான் நிரப்பிய பழைய டெஸ்ட் தாளைத் திறந்தேன். 'முப்பது விநாடியில் அடுத்த கேள்வி வருகிறது: பாஸ்' என்று இருந்தது. கீழே என் கையெழுத்து. கோடு சரியாக ஓடுகிறதா என்று பார்த்தவன், அது எதற்கு ஓடுகிறது என்று கேட்கவே இல்லை. வெட்கமாக இருந்தது.

எங்கள் மேனேஜர் ஒத்துக்கொள்ளவில்லை. "ஒருத்தங்களுக்காக எல்லாருக்கும் மாத்தணுமா?"

"ஒருத்தங்களுக்குன்னு தனியா செஞ்சதாலதான் அவங்க எழுந்து போயிட்டாங்க. இது வண்டி ஓட்டத் தெரியுமான்னு பார்க்கற டெஸ்டா, வேகமா படிக்கத் தெரியுமான்னு பார்க்கற டெஸ்டா?" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே. நான்கு நாள் கொடுத்தார்.

நீல பட்டனை எடுத்தோம். நேரக் கோட்டை எல்லோருக்கும் எடுத்தோம். இடைவெளி, சின்ன வாக்கியம், படித்துக் காட்டும் ஸ்பீக்கர் பட்டன் எல்லாம் எல்லோருக்கும் பொது. இந்த முறை புதன்கிழமையே கிள்ளானுக்குப் போய், அவருடைய தேநீர் இடைவேளையில் தனியாகக் காட்டினேன்.

இயர்ஃபோனைக் காதில் வைத்துக் கேட்டவர், "கேள்வியும் நாலு பதிலும் ஒரே மூச்சுல ஓடுது. மூணாவது வரும்போது முதலாவது மறந்து போவுது. ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா ஸ்பீக்கர் வைங்க" என்றார். வியாழக்கிழமை வைத்தோம்.

வெள்ளிக்கிழமை அதே மேசை, அதே எட்டுப் பேர்; அக்கா வெளியேறியதோடு நின்றுபோன தேர்வை ரவீந்திரன் எல்லோருக்கும் மறுபடி வைத்தார். முதலில் ஸ்பீக்கரை அமுக்கியவன் அன்று சிரித்தவன்தான். "கண்ணாடிய வீட்டுல விட்டுட்டேன் லா" என்று யாரும் கேட்காமலேயே சொன்னான். கொஞ்ச நேரத்தில் எட்டுப் பேர் காதிலும் இயர்ஃபோன். அக்காதான் கடைசியாக முடித்தார். இருபதுக்குப் பத்தொன்பது. ரவீந்திரன் அங்கேயே பர்மிட்டில் கையெழுத்துப் போட்டார்.

உண்மையைச் சொன்னால், நன்றியை எதிர்பார்த்துத்தான் அவருடைய வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். நன்றி சொன்னார். பிறகு ஹெல்மெட் வாரை மாட்டிக்கொண்டே, "அன்னிக்கி எல்லார் முன்னாடியும் என் பேர சொல்லிக் கூப்பிட்டீங்களே, அதப் பத்தி நீங்க ஒண்ணும் சொல்லலியேண்ணே" என்றார்.

எழுத்து, நிறம், குரல், நேரம் எல்லாவற்றையும் திருத்தியிருந்தேன். இது என் பட்டியலிலேயே இல்லை. முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

"தப்புதான்க்கா. மன்னிச்சிடுங்க."

"சரி. மஞ்சக் கோட்டுக்கு உள்ள நிக்கறீங்க. தள்ளிக்குங்க, வண்டி எடுக்கணும்."

அதற்குப் பிறகு நான் சோதித்த எல்லாச் செயலிகளுக்கும் தாளின் கடைசி வரியாக ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொண்டேன்: இந்த வசதியைப் பயன்படுத்த ஒருவர் நாலு பேர் முன்னால் தன்னைக் காட்டிக்கொள்ள வேண்டுமா? ஆமாம் என்றால், மற்றதெல்லாம் பாஸ் ஆனாலும் நான் கையெழுத்துப் போட்டதில்லை.