கை அட்டை

தையல்கடை அக்காவின் வாயில் ‘நன்றிகெட்ட’ என்ற சொல் எப்போதும் தயாராக இருக்கும். பால்காரர் ஒரு நாள் வராவிட்டால் நன்றிகெட்ட மனுஷன். சோறு போட்ட பூனை எதிர்வீட்டுச் சுவரில் போய்ப் படுத்தால் நன்றிகெட்ட பூனை. அப்படியிருக்க, எட்டு வருஷம் கூடவே இருந்து தைத்த பட்டன், தெருமுனையில் தனிக்கடை போடப்போவதாகச் சொன்னால் சும்மா விடுவாளா? வந்த புதிதில் பட்டன் மட்டுமே தைத்ததால் அவளுக்கு அந்தப் பட்டப்பெயர்.

"உண்ட வீட்டுக்கே ரெண்டகம் பண்றியா, நன்றிகெட்டவளே! என் அட்டையெல்லாம் சுருட்டிட்டுத்தானே போற?"

துணி வாங்க வந்த நாலு பேர் முன்னால் கேட்டாள். துணிமேல் வைத்துக் கோடு போட்டு வெட்டுவதற்கான மாதிரி அட்டைகள்தான் தையல்காரருக்குச் சொத்து. பட்டன் பையை மேஜையில் கவிழ்த்தாள். சாப்பாட்டு டப்பா, சீப்பு, மூக்குக்கண்ணாடி. அவ்வளவுதான்.

அவள் போனபிறகும் மனம் ஆறாமல் அக்கா பெட்டியைத் திறந்து எண்ணினாள். ஓர் அட்டைகூடக் குறையவில்லை. அடியில் கிடந்தது சட்டைக்குக் கை வெட்டும் அட்டை. ஓரத்தில் பென்சிலில், ‘தையலுக்கு ஒரு விரல் விடு’. அது பெரியக்காவின் எழுத்து. அக்காவுக்கு முதன்முதலில் வேலை கொடுத்தவள்.

அக்காவுக்கு முகம் சுட்டது. இருபது வருஷத்துக்கு முன்னால், சொல்லாமல் கொள்ளாமல் பெரியக்காவின் கடையை விட்டு வந்தபோது, இந்த அட்டைகளைப் பையில் ஒளித்து எடுத்துவந்தது இவள்தானே! அவசரத்தில் கை அட்டையை மட்டும் விட்டுவிட்டாள். மூன்றாம் நாள் பெரியக்காவே அதை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"இத விட்டுட்டு வந்துட்டியேடி. கை இல்லாம எப்படிச் சட்டை தைப்ப?"

ஒரு கடுஞ்சொல் இல்லை. அதன்பின் இவள் ஒரு நடை போய் அவளைப் பார்த்ததில்லை. செத்துப்போன செய்தி வந்த அன்றும் அவசரத் தையல் இருந்தது என்று போகவில்லை.

வெட்கம் பிடுங்கித் தின்றது. எல்லா அட்டைகளையும் அப்படியே வரைந்து, இன்னொரு கட்டு வெட்டினாள். பட்டன் கடை திறந்த அன்று காலையிலேயே போய் நீட்டினாள்.

"நன்றிகெட்டவளுக்கு எதுக்குக்கா இதெல்லாம்?" என்றாள் பட்டன். குரலில் கோபம்கூட இல்லை.

"நன்றிகெட்டவதான் குடுக்கறேன். வாங்கிக்கோ."

பட்டனுக்கு விளங்கவில்லை. அக்கா நின்றபடியே முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். அங்கேயும் துணி கொடுக்க நாலு பேர் வந்திருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று அவள் காத்திருக்கவில்லை.