நூறு வயதுக்குக் குறைந்த பெட்டியைத் தொடாதவர்

சென்ற வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் வாசகசாலைக் கமிட்டி அவசரமாகக் கூடி, இந்த ஊரின் பொதுவாழ்வில் நெடுநாள் நினைக்கப்படத்தக்க ஒரு தீர்மானத்தைச் செய்தது. மறைந்த பெரியவருக்கு மரியாதையாக மூன்று நாட்கள் சீட்டாட்டத்தை நிறுத்துவது என்பது முதலில் வந்த யோசனை. மூன்று நாள் அதிகம் என்று இருவர் கருதினார்கள். ஒரு நாள்கூட அதிகம் என்று நால்வர் கருதினார்கள். ஒரு மணி நேர விவாதத்துக்குப் பிறகு, ஆட்டம் வழக்கம்போல் நடக்கும், ஆனால் துருப்பு இறக்கும்போது யாரும் மேசையை அறையக் கூடாது என்று ஏகமனதாக முடிவாயிற்று. தலைவர் அதைத் தம் கையாலேயே பலகையில் எழுதினார். தீர்மானம் ஞாயிற்றுக்கிழமை வரை பெரும்பாலும் காக்கப்பட்டது.

செய்தியை அன்று காலையில் கொண்டுவந்தவர் அஞ்சல்காரர். "உப்புக் கோலப்ப பிள்ளை போயிட்டாரு" என்று சொல்லிவிட்டு, அவர் பெயருக்கு வந்த கார்டை யாரிடம் கொடுப்பது என்று கேட்டார். இரணியலிலிருந்து ஒருவர், தம் வீட்டுத் தேவதாருப் பெட்டிக்கு வயதும் விலையும் சொல்லிப்போக வரவேண்டும் என்று எழுதியிருந்தார். அந்தப் பெட்டி தப்பியது.

கோலப்ப பிள்ளையை அறிந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: அவர் உப்பளத்தில் இருபத்திரண்டு வருஷம் உப்பு எடை போட்டவர். மரத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்தது உப்பு பட்டால் இரும்பு ஆணி துருப்பிடிக்கும் என்பது மட்டுமே. பென்ஷன் வாங்கிய பிறகு அவருக்குப் பொழுது போகவில்லை. அந்தச் சமயம் பார்த்து நம் சமூகத்துக்குச் சட்டம் வந்தது.

நம்மிடையே சொத்து மாமனிடமிருந்து மருமகனுக்கு, அதாவது சகோதரியின் மகனுக்கு, போய்க்கொண்டிருந்தது. மனைவிக்கும் மக்களுக்கும் ஒருவன் மனமுவந்து கொடுப்பது உகந்துடைமை. அதற்கு மேல் அவர்களுக்கு எதுவும் இல்லை. குடும்பச் சொத்தைப் பிரிக்கலாம் என்று சட்டம் வந்ததும் வீடு வீடாகப் பாகம் பிரிந்தார்கள். நிலத்துக்கு ஆவணம் இருந்தது. அறைக்குள்ளிருந்து முற்றத்துக்கு வந்த பெட்டிகளுக்கு ஆவணம் இல்லை. ஒரு பெட்டி காரணவர், அதாவது குடும்பத் தலைவராக இருந்த மாமன், காலத்தில் வந்ததா, அல்லது பிறகு ஒருவன் தன் சம்பளத்தில் செய்ததா? பழையதானால் குடும்பத்துக்கு, மருமக்களுக்கு. புதியதானால் செய்தவனின் மனைவி மக்களுக்கு. ஆகவே வயது சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது. அதே காலத்தில் மலைத்தோட்டத்துத் துரைமார் கம்பளித் துணியைப் பூச்சி அரிக்காமல் வைக்கத் தேவதாருப் பெட்டிகளைத் தேடி வந்தார்கள். பழைய பெட்டி என்றால் மூன்று மடங்கு கொடுத்தார்கள். ஆகவே விலை சொல்லவும் ஓர் ஆள் வேண்டியிருந்தது. இரண்டுக்கும் ஒரே ஆளை வைத்துக்கொண்டது நம்முடைய சிக்கனம்.

தேவதாரு என்று நாம் சொல்வது பெரும்பாலும் நம் மலையில் வெட்டிய சந்தனவேம்புதான். இமயமலை மரம் எதுவும் ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி இந்தப் பக்கம் வந்ததாக எனக்குத் தெரியாது. கோலப்ப பிள்ளைக்கும் தெரியாது. ஆனாலும் அவர் தேவதாரு என்றே சொல்வார். அந்தச் சொல்லுக்கு விலை கூடுதல்.

அவர் வேலை செய்யும் அழகை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பெட்டிக்கு முன்னால் குந்துவார். மூடியைத் திறந்து தலையை உள்ளே விடுவார். வீட்டார் ஒருமுறை வெற்றிலை போட்டு முடிக்கும்வரை தலை வெளியே வராது. மரத்தின் வாசனை எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று மோந்து பார்த்து வயதைக் கணிப்பது அவர் முறை. முப்பது வருஷமாகப் பொடி போட்ட மூக்கு அது. அடுப்பில் பால் தீய்ந்தால்கூட அவருக்குத் தெரியாது என்று அவர் மனைவியே சொல்லியிருக்கிறார். "பெட்டி பேசும் ஓய். நாம வாயை மூடிக்கிட்டு இருக்கணும்" என்பார். அவர் வாயை மூடியிருந்தது தலை உள்ளே இருந்த நேரத்தில் மட்டும்தான். அதுவும் உறுதியில்லை.

பேச்சிப்பாறைப் பக்கத்துத் தோட்டத் துரை ஒருவர், வயதை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று ஆள் மூலம் கேட்டார். கோலப்ப பிள்ளை தம் மூக்கைத் தொட்டுக் காட்டினார். துரை அந்த மூக்கைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு பெட்டியை வாங்கிக்கொண்டு போனார். அன்று முதல் கோலப்ப பிள்ளை ஒரு விதியை ஏற்படுத்திக்கொண்டார்: "நூறு வயசுக்குக் குறைஞ்ச பெட்டியை நான் தொடுகது இல்ல." அந்த விதியை அவர் கடைசிவரை மீறவில்லை. அவர் தொட்ட ஒவ்வொரு பெட்டிக்கும் நூறு வயதுக்கு மேல் ஆகியிருந்தது.

மிஷன் பள்ளியில் தச்சுவேலை சொல்லிக்கொடுத்த யோவான் சார் ஒருநாள் வாசகசாலையில் அவரிடம் மிகப் பணிவாகப் பேசிப் பார்த்தார்.

"பிள்ளைவாள், முதல்ல ஆணியைப் பாருங்க. நம்ம கொல்லன் அடிச்ச ஆணின்னா தலை கோணலா இருக்கும். தலை வட்டமா, எல்லாம் ஒரே கனமா இருந்தா அது கப்பல்ல வந்த சீமை ஆணி. அது நம்ம கடைக்கு வந்து எவ்வளவு காலம் ஆச்சு? பிறகு கீலைப் பாருங்க. பெட்டியைக் கவுத்து அடிப்பலகையைப் பாருங்க, வாள் அறுத்த தடம் தெரியும்."

கோலப்ப பிள்ளை பொறுமையாகக் கேட்டார். ஒரு சிட்டிகை பொடி போட்டார்.

"சார், நீங்க படிச்சவரு. ஒரு மனுசனுக்க வயசைத் தெரியணும்னா அவனையும் கவுத்துப் போட்டுத்தான் பாப்பேளா?"

எல்லோரும் சிரித்தோம். யோவான் சாரும் சிரித்தார். அதற்குப் பிறகு அவர் ஆணியைப் பற்றிப் பேசியதில்லை.

இனி நீலம்மையின் பெட்டிக்கு வருகிறேன். அதைச் சொல்லாமல் கோலப்ப பிள்ளைக்கு அஞ்சலி செலுத்துவது அவருடைய தலைசிறந்த சாதனையை மறைப்பதாகும்.

நீலம்மையின் கணவர் தக்கலைக் கச்சேரியில் குமஸ்தா. வேலையில் சேர்ந்த வருஷமே, துணிமணி வைக்க, தம் சம்பளத்தில் அவளுக்கு ஒரு பெட்டி செய்வித்தார். அவர் இறந்தார். அவருடைய சகோதரியின் மக்கள் இருவரும் பாகம் கேட்டார்கள். பாகம் முடிந்ததும் நீலம்மை பன்னிரண்டு வயது மகளுடன் அந்த வீட்டை விட்டு இறங்க வேண்டும். ஒரு துரை அந்தப் பெட்டியை விலைக்குக் கேட்டிருந்தார். இருபது வருஷப் பெட்டிக்கு அவர் கொடுக்கும் விலைக்குச் சுசீந்திரத்தில், அவள் அண்ணன் வீட்டுக்குப் பின்னால், இரண்டு அறையுள்ள ஓலைவீடு ஒன்று கிடைக்கும். பேசியும் வைத்திருந்தாள். மருமக்களோ, பெட்டி காரணவர் காலத்தது என்றார்கள். மத்தியஸ்தர் மூவரும் கோலப்ப பிள்ளையின் வாக்கை ஏற்பது என்று தீர்மானித்தார்கள்.

முந்தின நாள் நீலம்மை அவர் வீட்டுக்கு வந்தாள். பத்திரிகை இரவல் வாங்கப் போயிருந்த நானும் அங்கே இருந்தேன்.

"அண்ணாச்சி, உள்ளதைச் சொன்னாப் போதும். இருபது வருசம். அவ்வோ எனக்கிட்ட பலகையைக் காட்டித்தான் செய்யிச்சாவ."

"இருபதா?" கோலப்ப பிள்ளை உண்மையாகவே புண்பட்டார். "ஏட்டி நீலம்மே, எனக்க பேரு என்ன ஆகும்? நூறுக்குக் குறைஞ்சதை நான் தொடுகது இல்லன்னு ஊருக்கே தெரியுமே."

"அப்பம் தொட வேண்டாம் அண்ணாச்சி. நாளைக்கு நீங்க வராம இருந்தாலே போதும்."

கோலப்ப பிள்ளையின் கலையைப் பற்றி நான் கேட்டவற்றில் இதுவே ஆழ்ந்த கருத்து. அவர் மறுநாள் முதல் ஆளாக வந்தார்.

பெட்டியை முற்றத்தில் வைத்திருந்தார்கள். அவர் தலையை உள்ளே விட்டார். வெளியே எடுத்ததும், "நூத்தி முப்பது" என்றார். கூட்டத்தின் ஓரத்தில் நின்ற தக்கலை மூத்தாசாரி முன்னால் வந்தார். அவரை யாரும் அழைக்கவில்லை.

"பிள்ளைவாள், இது நான் செஞ்ச பெட்டி. மூடிக்க உள்பக்கம், வலது மூலையில, உளி வழுக்கின தடம் ஒண்ணு கிடக்கும். பாருங்க."

பார்த்தார்கள். தடம் இருந்தது. மத்தியஸ்தர் ஒருவருக்கொருவர் முகம் பார்த்துக்கொண்டார்கள். ஒரு கணம் அந்த முற்றத்தில் நியாயம் நடந்துவிடுமோ என்ற நிலை இருந்தது.

"ஓய் ஆசாரி, உமக்கு என்ன வயசு?" என்று கேட்டார் கோலப்ப பிள்ளை.

"அறுபத்தி ரெண்டு."

"பெட்டிக்கு நூத்தி முப்பது. நீரு பிறக்கதுக்கு முன்னாலயே வந்து செஞ்சிட்டுப் போனீரோ?"

முற்றம் குலுங்கியது. மத்தியஸ்தரில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆசாரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். பாகப் பத்திரம் எழுதிக்கொண்டிருந்தவன் நான். சிரித்துக்கொண்டே எழுதியதால் 'நூற்று முப்பது' என்ற இடத்தில் எழுத்து சற்றுக் கோணியிருக்கிறது. மருமக்கள் தங்கள் பக்கம் வாதாட ஒரு வக்கீல் குமஸ்தாவைக் கூட்டி வந்திருந்தார்கள். அவருக்குக் காப்பி மட்டும் கொடுத்து அனுப்பினார்கள். "கோலப்ப மாமா சொன்னா மறுபேச்சு உண்டா?" என்றான் மூத்தவன்.

நீலம்மை பெட்டிக்குள் இருந்த துணிகளை எடுத்து ஒரு விரிப்பில் கட்டினாள். கோலப்ப பிள்ளை அவள் பக்கத்தில் போய் அன்பாகச் சொன்னார்: "வருத்தப்படாத மக்கா. இப்பம் இதுக்க விலை மூணு மடங்கு ஆயாச்சு."

"ஆருக்கு அண்ணாச்சி?"

அவர் யோசித்தார். "பெட்டிக்கு" என்றார்.

மருமக்கள் அதைத் துரைக்கு விற்றார்கள். கோலப்ப பிள்ளை சொன்ன விலை அப்படியே கிடைத்தது. அன்று மாலை வாசகசாலையில் அதை மூன்று முறை சொன்னார். தம் கணிப்பு ஒரு சக்கரக் காசுகூடப் பிசகவில்லை என்றார். அவர் கையூட்டு வாங்கிக்கொண்டு சொல்லியிருந்தால் அவரை ஒரு விதத்தில் மதித்திருப்பேன். அவர் எவரிடமும் எதுவும் வாங்கியதில்லை. ஒரு காப்பியும் இரண்டு ரசவடையும் போதும். அவை இல்லாவிட்டாலும் வருவார். உச்சி வெயிலில் தக்கலை வரை நடந்து போய், ஒரு குடும்பத்தைக் கெடுத்துவிட்டு, நடந்தே திரும்புவார்.

இது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. சென்ற மாதம் அவருக்குக் கால் வீங்கிப் படுத்திருந்தபோது பார்க்கப் போனேன். வெந்நீர் வைக்கச் சொல்லி மனைவியை உள்ளே அனுப்பினார்.

"ஓய், அந்த நீலம்மைக்க பெட்டி. அடியில நாலு சீமை ஆணி கிடந்துது."

"பிறகு எவனாவது அடிச்சிருப்பான்னு சொல்லுவீரே."

"இல்ல. மூட்டுக்கு உள்ள கிடந்துது. பலகையைச் சேக்கும்போதே அடிச்சது."

"எப்பம் பாத்தீரு?"

"தலையை உள்ள விட்ட உடனே."

"பிறகு ஏன் ஓய்?"

"அதுக்கு முன்னால அறுபது பெட்டிக்குச் சொல்லியாச்சு. அதை இருபதுன்னு சொன்னா அந்த அறுபதுக்கும் என்ன மரியாதை?"

அதுவரை அவரை ஒரு மூடர் என்று நம்பி வந்தேன். அந்த மதிப்பையும் அன்று அவர் தம் கையாலேயே எடுத்துக்கொண்டார்.

சொன்னதை நான் அங்கேயே ஒரு காகிதத்தில் எழுதி அவரிடம் நீட்டினேன். கையொப்பம் வைத்தால் மத்தியஸ்தரிடம் கொண்டு போகலாம், அவர்கள் மருமக்களைக் கூப்பிட்டுப் பேசலாம், நீலம்மைக்கு ஏதாவது கிடைக்கலாம் என்றேன். முழுவதையும் வாசித்தார். இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்தினார். "கை நடுங்குகு. நாளைக்கு வாரும்" என்றார். மறுநாள் போனேன். "வீக்கம் வடியட்டும்" என்றார். மூன்றாம் முறை போனபோது தூங்குவதாக மனைவி சொன்னார். உள்ளே தும்மல் கேட்டது. நான்காம் முறை, "அமாவாசை கழியட்டும் ஓய்" என்றார். அமாவாசை ஞாயிற்றுக்கிழமை. அவர் வெள்ளிக்கிழமை போய்விட்டார்.

நீலம்மையின் பெட்டிக்கு அவர் எழுதிக்கொடுத்த மதிப்புச் சீட்டைக் கண்ணாடி போட்டு வாசகசாலைச் சுவரில் மாட்டக் கமிட்டி விரும்புகிறது. மாட்டட்டும். என்னிடம் அவர் நினைவாக இருப்பது ஒப்பு விழாத அந்தக் காகிதம் ஒன்றுதான். அவர் செய்த திருத்தங்கள் இரண்டும் சரியானவை.

அதை வைத்து எதுவும் செய்ய முடியாது என்று தக்கலை வக்கீல் சொல்லிவிட்டார். சுசீந்திரத்து வீட்டை வேறொருவர் வாங்கிக் கூரை மாற்றியிருக்கிறார். நீலம்மையும் மகளும் கீரிப்பாறைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் எடுக்கிறார்கள்.