சக்கரக் கிணத்துத் தெரு

நேற்று விம்பிள்டனில் ஒரு பேக்கரியைக் கடக்கையில் கறுப்புப் பாணின் புளித்த வாசம் மூக்கில் ஏறியது, அதோடு ஹெல்மி அன்ரியின் குசினியும் வந்துவிட்டது. எண்பதுகளின் கடைசியில் அவவின் வீட்டு மேல்மாடியில் நானும் அம்மாவும் வாடகைக்கு இருந்தோம். அன்ரி, உலகப்போரில் ரஷ்ய ஆமி வந்த காலத்தில் எஸ்டோனியாவிலிருந்து வள்ளம் ஏறி ஓடி வந்தவ. அடுப்பு இரண்டு வீட்டுக்கும் ஒன்றுதான். பாண் வேகும்வரை மேசையில் சிந்திய மாவில் விரலால் தன் ஊரான தாலின் நகரத்தைக் கீறி, இது நீளத் தெரு, இது அகலத் தெரு, இது சக்கரம் வைத்துத் தண்ணி இறைத்த கிணறு இருந்ததால் சக்கரக் கிணத்துத் தெரு என்று சொல்லிக்கொண்டே போவா. எனக்கு அதெல்லாம் சோம்பேறிகள் வைத்த பெயர்களாகவே பட்டன.

எங்கள் அகதி விண்ணப்பத்தில் ஊரில் இருந்த தெருவின் பெயர் கேட்டிருந்தார்கள். எங்கள் ஒழுங்கைக்குப் பெயரே கிடையாது. துலா மரத்தை ஏற்றி இறக்கித் தண்ணி அள்ளும் கிணறு அதில் இருந்ததால் அம்மா "துலாக் கிணத்தடி" என்று எழுதினா. இப்படியும் ஒரு தெருவா என்று வக்கீல் முகம் சுளித்ததை நான் குசினியில் சொன்னதும், அன்ரி மாவுக் கையோடு அம்மாவைக் கட்டிப்பிடித்தா. அம்மாவின் நீலக் கார்டிகனின் முதுகில் இரண்டு வெள்ளைக் கைகள்.

எஸ்டோனியா விடுதலையானதும் அன்ரி வீட்டை விற்றுவிட்டு ஊருக்குப் போனா. குசினி இருந்த இடத்தில் இப்போது பிளாட்டுகள். தாலினிலிருந்து அன்ரியின் போஸ்ட்காட் ஒன்று வந்தது: சக்கரக் கிணத்துத் தெரு அப்படியே இருக்கிறது, கிணறும் இருக்கிறது. எங்கள் ஊர் ஒழுங்கை அப்போது ஆமிக் காம்புக்குள். போஸ்ட்காட்டை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"தண்ணி இருக்கோ எண்டு எழுதேல்லையோ?" என்று கேட்டா அம்மா.