மாயா கோயிலில் ஓரமாக நின்ற அம்மா

பாப்பா, தம்பி, நீங்கள் இரண்டு பேரும் என்னைப் பற்றி ஒரு விஷயத்தைத் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நல்லவிதமாகத்தான் நினைக்கிறீர்கள். அதனாலேயே நேரில் சொல்ல வாய் வரவில்லை. எழுதிவிடுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பாப்பா திருத்திக்கொள்.

கப்பலில் நான் துணி துவைக்கிற வேலை செய்வது உங்களுக்குத் தெரியும். பயணிகள் ஊர் பார்க்க வருகிறார்கள். நாங்கள் அடித்தட்டில், ஜன்னலே இல்லாத இடத்தில், அவர்களுடைய துண்டையும் படுக்கை விரிப்பையும் பார்த்துக்கொண்டிருப்போம். மெக்சிகோ கரைக்குப் பக்கத்தில் கொசுமெல் என்று ஒரு தீவு. அங்கே கப்பல் நிற்கப் போகிறது என்று போனில் சொன்னதும் பாப்பா குதித்தாள். வகுப்பில் ஆளுக்கு ஒரு பழைய நாகரிகத்தைப் பற்றிப் பேச வேண்டும், அவளுக்கு வந்தது மாயா.

"அப்பா, நெட்ல இருக்கிறத எல்லாருமே காட்டுவாங்க. நம்முது ஒரிஜினலா இருக்கணும். நீயே போய் வீடியோ எடுத்து அனுப்பு. டூரிஸ்ட்ங்க யாரும் வரக் கூடாது, இன்னா? பழசு மாதிரியே இருக்கணும்."

அன்றைக்கு எனக்கு மதியத்துக்கு மேல்தான் ஷிஃப்ட். என்னோடு வேலை செய்கிற பிலிப்பைன்ஸ்காரரும் வந்தார். பங்கு போட்டு டாக்ஸி பிடித்துக் காலையிலேயே போய்விட்டோம். பாடப் புத்தகத்தில் இருக்கிற மாதிரி வானத்தைத் தொடுகிற கோபுரம் இருக்கும் என்று நினைத்திருந்தேன். காட்டுக்கு நடுவே இடுப்பு உயரச் சுவர்கள், கல் மேடைகள், ஒரு வளைவு வாசல். அவ்வளவுதான். நம் ஊர் ஓணான் நாய்க்குட்டி அளவுக்கு வளர்ந்தால் எப்படி இருக்கும், அப்படி ஒன்று கல்லின் மேல் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. கொசு பிடுங்கி எடுத்தது.

ஆனால் நடக்க நடக்க மனசு அமைதியாகிவிட்டது. ஒரு வீட்டுச் சுவரில் சிவப்பு நிறத்தில் கை பதித்த அடையாளங்கள் இருந்ததாம். உற்றுப் பார்த்தால் இன்னும் லேசாகத் தெரிந்தது. சின்னச் சின்னக் கைகள். நிலா தெய்வத்தைக் கும்பிடப் பெண்கள் அக்கரையிலிருந்து படகில் வருவார்களாம், பிள்ளை நல்லபடியாகப் பிறக்க வேண்டும் என்று. பலகையில் எழுதியிருந்ததைப் பிலிப்பைன்ஸ்காரர் படித்து எனக்குச் சொன்னார்.

வளைவு வாசலுக்குப் பக்கத்தில் ஒரு அம்மா சருகு கூட்டிக்கொண்டிருந்தார். உங்கள் அம்மா உயரம்தான். நான் போனைத் தூக்கியதும் கூட்டுவதை நிறுத்தினார். முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டு, துடைப்பத்தை நேராகப் பிடித்து, வாசலோடு வாசலாக நின்று சிரித்தார். தன்னையும் சேர்த்து எடுக்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

நான் தள்ளிப் போகச் சொல்லிக் கையை ஆட்டினேன். கோழியை விரட்டுகிற மாதிரி.

அவர் போனார். சருகு மூட்டையையும் மறக்காமல் இழுத்துக்கொண்டு மரத்துக்குப் பின்னால் போய் நின்றார். நான் குரலைக் கனமாக்கிக்கொண்டு பேசினேன். "இங்க வாழ்ந்த ஜனங்க எல்லாரும் அழிஞ்சி போய்ட்டாங்க. ஒருத்தர்கூட இல்ல. கல்லு மட்டும்தான் மிச்சம்."

நான் எடுத்து முடிப்பதற்குள் பிலிப்பைன்ஸ்காரர் அந்த அம்மாவிடம் பாதி ஸ்பானிஷ், பாதி சைகையில் பேசிவிட்டு வந்தார். எங்களுக்குள் உடைந்த ஆங்கிலம்தான்.

"தெரியுமா பிரதர், அந்தம்மா மாயா ஆளு! வீட்ல மாயா பாஷைதான் பேசறாங்களாம். பேரப் பிள்ளைங்ககூட அதேதானாம். ஆமா, நீ போன்ல என்ன அவ்ளோ சோகமாப் பேசின?"

"சும்மா... இடம் நல்லா இருக்குதுன்னு சொன்னேன்."

மறுபடி எடுக்க நேரம் இருந்தது. அந்த அம்மாவைக் கூப்பிட வெட்கமாக இருந்தது. டாக்ஸியில் வரும்போது முன்பகுதியை வெட்டிவிட்டு உங்களுக்கு அனுப்பினேன். வகுப்பே கை தட்டியது, அப்பா குரலைக் கேட்டு டீச்சர் கண் கலங்கினார் என்று பாப்பா சொன்னபோது, சந்தோஷம் என்றேன்.

அப்புறம் லீவில் வந்தேன். அந்தச் சனிக்கிழமை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நம் லைன் வீட்டுக்கு முன்னால் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"கப்பல்லயும் துணி, ஊட்லயும் துணியா? வேற வேலையே தெரியாதாப்பா உனக்கு?" என்றான் தம்பி.

அப்போதுதான் பெங்களூரிலிருந்து கேமராவோடு மூன்று பிள்ளைகள் வந்தார்கள். சுரங்கம் மூடினதிலிருந்து நம் ஸ்கெலட்டன் பகுதிக்கு இப்படி யாராவது வருவது புதிதில்லை. நம் லைனுக்குப் பின்னால், ஒரு காலத்தில் சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கி, இப்போது துருப்பிடித்து நிற்கிற ஷாஃப்ட் கோபுரம்தான் அவர்களுக்கு வேண்டும்.

"அங்கிள், ப்ளீஸ், அந்தத் துணிய மட்டும் எடுத்துடுறீங்களா? ஃப்ரேம்ல வருது. கோஸ்ட் டவுன் ஃபீல் வரணும்," என்றது அவர்களில் ஒரு பெண்.

பாப்பா வாசலுக்கு வந்துவிட்டாள். "கோஸ்ட் டவுனா? அப்ப நாங்க இன்னா, பேயா?"

"அக்கா பேய்தாங்க. காலைல எழுந்ததும் வந்து பாருங்க," என்றான் தம்பி.

"நீ சும்மா இருடா! திங்கக்கிழமை எனக்கு யூனிஃபார்ம் வேணும், அது காயணும். இங்க ஜனங்க கீறாங்க, தெரியுதா?" அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லுப்பா. நீயும் போய் எடுத்தியே, யாரையாவது நகருன்னு சொன்னியா? ஆள் இல்லாத நேரமாப் பாத்துப் போய்தான எடுத்த?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கொடியிலிருந்து துணியை எடுக்க ஆரம்பித்தேன். "விடும்மா, அஞ்சு நிமிஷம்தான," என்றேன்.

பாப்பா உள்ளே போய்விட்டாள். தம்பியும் கேலி பண்ணாமல் பின்னாலேயே போனான். வெளியூர்க்காரர்களுக்கு அப்பா பயப்படுகிறான் என்று நினைத்திருப்பீர்கள். பயமில்லை. "இங்கே ஆள் இருக்கிறது, போங்கள்" என்று அந்தப் பிள்ளைகளிடம் சொல்ல எனக்கு எந்த வாய் இருக்கிறது? அவர்களாவது ப்ளீஸ் சொன்னார்கள்.

வெட்டின பகுதி இன்னும் என் போனில் இருக்கிறது. அந்த அம்மா முடியை ஒதுக்குகிறார், சிரிக்கிறார், குறுக்கே என் கை வருகிறது. காட்டுகிறேன், பாருங்கள். வகுப்பில் திருத்திச் சொல்வதா வேண்டாமா என்பதைப் பாப்பா முடிவு செய்யட்டும். சொன்னால், தப்பு அப்பாவுடையது என்றே சொல்.

அன்றைக்கு அவர்கள் படம் எடுத்துக்கொண்டு, தேங்க்ஸ் சொல்லிவிட்டுப் போனார்கள். நீங்கள் வெளியே வரவில்லை. நான் பக்கெட்டிலிருந்து துணிகளை எடுத்து மறுபடி உதறினேன். முதலில் பாப்பாவின் யூனிஃபார்மை, கொடியின் நடுவில், அந்தக் கோபுரத்தை மறைக்கிற இடமாகப் பார்த்துப் போட்டு, காற்றில் விழாமல் கிளிப் மாட்டினேன்.