திருப்பி வைத்த காணிக்கை

மாதத்தின் முதல் சனிக்கிழமை மாலை, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையின் மாடியறையில் நாங்கள் ஜெபத்துக்குக் கூடுவோம். பல நாடுகளில் கிளைகள் உள்ள கிறிஸ்தவக் குழு அது. எங்கள் கிளையில் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் ஒரு பிலிப்பினோ தாதி, கென்யாவிலிருந்து படிக்க வந்த ஒரு மாணவி, வயதான சீனத் தம்பதி, மற்றபடி எங்களைப் போன்ற தமிழர்கள். கூட்டம் முடிந்ததும், மற்றக் கிளைகளின் உதவிக்காக அவரவர் தீர்மானித்த பணத்தை ஓர் உறையில் போட்டுக் கொடுப்பார்கள். யார் எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை, உறையில் பெயரும் இருக்காது. அவற்றை வாங்கி வைக்கும் பொறுப்பு என்னுடையது. கிள்ளானிலிருந்து ரயிலில் வருகிறவள் நான் என்பதால் எப்போதும் கொஞ்சம் முன்பே வந்துவிடுவேன்.

சுங்கை வேயிலிருந்து ஒரு பெண் வருவாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள். கணவர் இறந்தபின் தனியாக இருந்தாள், பங்சாரில் ஓர் அலுவலகத்தில் துப்புரவு வேலை. அவளுடைய உறையை மட்டும் எனக்கு அடையாளம் தெரியும். மின்கட்டண பில் வந்த உறையைப் பிரித்து, உள்புறம் வெளியே வரும்படி மறுபடி ஒட்டி, அதில்தான் போடுவாள்.

ஒரு மாதம் படியேறும்போது, "கான்ட்ராக்ட் மாறிருச்சுக்கா. பாதிச் சம்பளந்தான் வந்துச்சு," என்றாள். அன்றும் வழக்கம்போல உறையை நீட்டினாள். வாங்கும்போதே எனக்கு மனது கேட்கவில்லை. அவள் தேநீர் எடுக்கப் போன நேரம், நாற்காலியில் கிடந்த அவள் பைக்குள் அந்த உறையைத் திருப்பி வைத்துவிட்டேன். வீட்டுக்குப் போகும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து, நல்ல காரியம் செய்தோம் என்று சந்தோஷப்பட்டதும் நினைவிருக்கிறது.

அடுத்த மாதம் அவள் வரவில்லை. போன் செய்தால் எடுக்கவில்லை. மறுநாள் மதியம் சுங்கை வேயில் அவள் வீட்டுக்குப் போனேன். நாலாவது மாடி, லிஃப்ட் வேலை செய்யவில்லை. கதவைத் திறந்தவள், "வாங்கக்கா," என்று மட்டும் சொன்னாள். மைலோ கலக்கிக் கொண்டுவந்து வைத்தாள். பிறகு அலமாரியிலிருந்து அந்த உறையை எடுத்து என் முன்னால் போட்டாள். கிழிந்திருந்தது, உள்ளே ஒன்றுமில்லை.

"இத என் பேக்குல யாரு வெச்சா?"

"நான்தாம்மா. சம்பளம் கொறைஞ்சிருச்சுன்னு சொன்னியே, அதான்..."

"சொன்னேன். திருப்பிக் குடுங்கன்னு கேட்டேனா?"

நான் உறையின் கிழிந்த ஓரத்தை நீவிவிட்டேன்.

"அந்தப் படிக்கிற புள்ளைக்கும் கஷ்டந்தானே. அவ கவர திருப்பிக் குடுத்தீங்களா?"

"இல்ல."

"அப்ப என்னோடது மட்டும் ஏன்?"

அவள் சத்தம் போடவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. எதிரே உட்கார்ந்து முந்தானையை மடியில் இழுத்துவிட்டுக்கொண்டாள். "ஆபீசுல எல்லாரும் எனக்குக் குடுப்பாங்கக்கா. பழைய சட்டை, மிச்சம் விழுந்த கேக்கு, சீனப் பெருநாளுக்கு அங்பாவ் கவருல காசு. வாங்கிக்குவேன், தேங்க்ஸ் சொல்லுவேன். அந்த ரூமுல மட்டுந்தான் நானும் குடுக்கிறவ. அங்கயும் பாவம்னு ஒதுக்கிட்டீங்களே."

"தப்புதாம்மா," என்றேன்.

வெற்று உறையைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "காசு தீந்துருச்சு. அரிசி வாங்கினேன், ஒரு கோழி வாங்கினேன். தேவையாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லல. அதுக்காக நீங்க செஞ்சது சரின்னு ஆயிராது லா."

"ஆகாது," என்றேன். மைலோ ஆறிப்போயிருந்தது. குடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். வாசல்வரை வந்தாள். அடுத்த மாதம் வருவாயா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அந்த வாரமே எங்கள் பொறுப்பாளரான அந்த வயதான சீன அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. இனி யாரும் கையில் வாங்க வேண்டாம், மேசையில் ஒரு பெட்டி வைத்துவிடலாம் என்றார். எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

அடுத்த முதல் சனிக்கிழமை அவள் வந்தாள். நேரே போய்ப் பெட்டியில் போட்டுவிட்டு, தாதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான்கைந்து மாதங்கள் அப்படித்தான். சிரிப்பாள், சாப்பிட்டாயா என்றால் பதில் சொல்வாள், அதற்குமேல் பேச்சில்லை. நானும் வலியப் போய்ப் பேசவில்லை.

பிறகு ஒரு மாலை, வெளிநாட்டுக் கிளை ஒன்றிலிருந்து வந்த கடிதத்தைப் பொறுப்பாளர் வாசித்தார். மழையில் கூரை போன ஒரு வீட்டை, எல்லாக் கிளைகளும் அனுப்பிய பணத்தில் சரிசெய்திருந்தார்கள். பக்கத்தில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. திரும்பினேன். அவள்தான்.

"அந்த ஊரு எங்கக்கா இருக்கு?"

எனக்கும் தெரியவில்லை. கென்யா மாணவி போனில் வரைபடத்தைத் திறந்து காட்டினாள். மூன்று பேரும் குனிந்து பார்த்தோம்.

"எம்மாந்தூரம்!" என்றாள் அவள். விரலால் படத்தைப் பெரிதாக்கி, அந்த ஊரில் கடல் இருக்கிறதா என்று தேடத் தொடங்கினாள்.