அவன் வைத்த சீட்

பேர்லேண்ட் என்ற அமெரிக்க ஊரில் ஒரு வீட்டு கராஜுக்கு அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைப் பார்க்கப் போனேன். ஏழு வருடப் பழைய கார், மூவாயிரம் மைல்கூட ஓடவில்லை. சும்மாவே நின்ற காருக்கு டயரில் வெடிப்பு விட்டிருக்கும் என்று குனிந்து பார்த்தேன். புது டயர்கள். விற்கிற அங்கிள் மெலிந்தவர். நான் தொட்ட இடத்தையெல்லாம் பின்னாலேயே வந்து துணியால் துடைத்தார்.

“ஆக்ஸிடென்ட் ஏதாவது ஆச்சா அங்கிள்?”

“காருக்கு ஒண்ணும் ஆகலப்பா. பையனுக்குத்தான் கேன்சர் வந்துடுச்சு. கார் வாங்கினதும் கோயில்ல பூஜை போட்டு எலுமிச்சம்பழம் மேல ஏத்தினான். அந்த வருஷமே போய்ட்டான்.”

டெஸ்ட் டிரைவுக்கு ஏறி உட்கார்ந்தேன். பெடல் எட்டவில்லை. சீட்டை முன்னால் இழுக்கக் கையைக் கீழே விட்டேன்.

“அது அவன் வெச்சதுப்பா,” என்றார்.

கையை எடுத்துவிட்டேன். விற்பதற்குத்தான் என்னை வரச்சொன்னாரா என்று இன்றும் எனக்குப் புரியவில்லை. அவர் சுற்றி வந்து பக்கத்து சீட்டில் ஏறினார். பெல்ட்டை மாட்டிக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். எதிரே கராஜ் சுவர்தான் இருந்தது.